விட்டுப்போன பெயர்

பிரியப்போகிற கணவனும் மனைவியும்
வரவேற்பறையில் ஒரே சார்ஜரை
மாற்றி மாற்றிச் செருகிக்கொள்கிறார்கள்.

உள்ளே நாங்கள்தான்
முகம் பார்த்துக்கொள்வதில்லை.

இமெல்டா ஃபைலை மூடிவிட்டார்.
ஹுதா சார் ஜன்னல் வழியே
ஷார்ஜாக் காயலைப் பார்க்கிறார்;
ஜூலைப் புழுக்கத்தில்
அங்கே பார்க்க ஒன்றுமில்லை.
ஆலோசகர் தேன்மதி
டிஷ்யூப் பெட்டியை நடுவில் நகர்த்துகிறார்,
பழக்கதோஷம்.

"எங்களுக்கு வராத கிராஜுவிட்டிக் கணக்கு
அவர்களுக்கு மட்டும் எப்படிப் போனது?"
மூன்றாம் முறையாக இமெல்டா.

கணக்கு பார்ப்பவன் நான்.
ஒரு மின்னஞ்சல், ஒரு பெயர் விட்டுப்போயிற்று.
ஒரு வாரமாக
இரண்டு வக்கீல்களின் சண்டைக்குப் பின்னால்
உட்கார்ந்திருந்தேன்.

"நான்தான்" என்றேன்.

ஏசி நின்று, யோசித்து, மறுபடி ஓடியது.
ஹுதா சார் திரும்பி
தன் பேனாவைத் தேடினார்.
இமெல்டா ஒன்றும் சொல்லவில்லை;
ஃபைலைத் திறந்து
நாலாம் பக்கத்தை என் பக்கம் திருப்பினார்:
பையனின் பள்ளிக் கட்டணம்,
இரண்டாம் தவணை.