இடது காலுக்கு வேலை இல்லை

தக்காளி கிலோ நூற்றைம்பதுக்குப் போன ஆடியில்
வங்கி மேலாளர் எனக்கு முதல்முறையாக
நாற்காலி இழுத்துப் போட்டார்.
அதற்கு முந்தின மாசியில்
மூன்று ரூபாய்க்கும் கேட்க ஆளில்லாமல்
உத்தனப்பள்ளி சாலையோரம் நானே கொட்டினேன்
நாற்பது பெட்டி.
கார்கள் அதன்மேல் ஏறிப் போயின.
ஒன்றாவது வேகத்தைக் குறைத்திருக்கலாம்.

ஓசூரில், அடுக்குமாடிக்குக் கீழே,
துணி போர்த்திக் கிடந்தது.
கிரண் உருவினார். சிவப்பு.
நாட்டுத் தக்காளிச் சிவப்பில்லை, ஹைப்ரிட்,
லாரியில் தில்லிவரை தாங்கும் தோல்.
இரண்டே கதவு. இரண்டே சீட்டு.
கூரை என் மார்புயரம்கூட இல்லை.
"குழந்தை பிறந்திருக்கு மேடம். அதுக்கு சீட் வைக்க இடமில்ல"
என்றவர் என்னைப் பார்க்கவில்லை,
பானெட்டில் இல்லாத தூசியைத்
துடைத்துக்கொண்டே இருந்தார்.

அம்ஜத் பேசவில்லை.
கிருஷ்ணகிரியிலிருந்து பஸ்ஸில் வந்தவன்
பேப்பர் விரித்து அடியில் நுழைந்தான்.
முன்பே ஓட்டிச் சூடாக்கி வைத்திருக்கிறார்களா என்று
எஞ்சினைத் தொட்டுப் பார்த்தான்.
கியர்பாக்ஸ் எண்ணெய் ஒரு சொட்டு
விரலில் தேய்த்து, முகர்ந்து,
என் மூக்கருகே நீட்டினான்.
கருகல் வாசனை இல்லை.
"உங்க தக்காளி மாதிரிதான்க்கா.
மேல் வரிசைய மட்டும் பாத்து வாங்கக் கூடாது."

கிளட்ச் எங்கே என்றேன்.
இல்லை என்றார்கள் இருவரும், ஒரே குரலில்.
பதினெட்டு வருடம் நானூற்றியேழு ஓட்டிய இடதுகால்
பந்திக்கு யாரும் கூப்பிடாத ஆளைப்போல
நின்ற இடத்திலேயே நின்றது.

"ஓட்டறவங்க காலை இந்த கியர்பாக்ஸ் கத்துக்கும் மேடம்.
இப்போதைக்கு அதுக்கு என் கால்தான் தெரியும்.
ஐந்நூறு கிலோமீட்டர் போனா
மறந்துடும்."
கடைசிச் சொல்லில் அவர் குரல்
ஒரு கியர் இறங்கியது.

பதினாறு என்றார், பதினான்கரையில் முடிந்தது.
கணவர் அல்லது தந்தை பெயர் என்ற கட்டத்தில்
அப்பா பெயரை எழுதினேன்.
உரிமையாளர் வரிசை: இரண்டு.

முதல் சிக்னலில் இடதுகால்
பழைய ஞாபகத்தில் கிளட்சைத் தேடி
பிரேக்கை அமுக்கியது, முழுசாய், அடிவரை.
வண்டி குப்புற விழப்போய் நின்றது.
அம்ஜத் நெற்றியைத் தடவிக்கொண்டான்.
பின்னால் டவுன் பஸ் என் அம்மாவைத் திட்டியது.
"அந்தக் காலை மடிச்சு வச்சுக்கோங்கக்கா."
மண்டியில் கணக்கெழுத உட்காருவதுபோல
ஒரு கால் மடக்கி, ஒரு காலால் ஓட்டினேன்.

ஒவ்வொரு வேகத்தடையிலும் வயிறு உரசியது.
என் வயிற்றை எக்கிக்கொண்டு கடந்தேன்,
அதனால் ஏதோ ஆகிவிடும்போல.

உத்தனப்பள்ளி தாண்டி, நான் கொட்டிய இடத்தில்
தானாய் முளைத்த தக்காளிச் செடிகள்,
கட்டக் குச்சியில்லாமல் தாருக்கு ஓரமாய்ப் படர்ந்து.
நான் குறைத்தேன்.
யாரும் சொல்லாமல் கியரும் குறைந்தது.
பிறகு சாலை காலியாய் நேராக,
ராயக்கோட்டை மலை தூரத்தில்.
மிதித்தேன்.
அரை நொடி யோசித்தது,
இது யார் கால் என்று.
பிறகு பாய்ந்தது.
நாற்பத்தொன்பது வயதில்
யாரோ என்னை நெஞ்சில் கைவைத்துச் சாய்த்ததுபோல
சீட்டோடு ஒட்டிப்போனேன்.
அம்ஜத் அல்லாவைக் கூப்பிட்டான்.
நான் சத்தமாய்ச் சிரித்ததாக
பிற்பாடு எல்லாரிடமும் சொல்லியிருக்கிறான்.

மறுநாள் விடியலில் மண்டிக்கு.
பின்னால் இடமில்லை என்று
சாம்பிள் பெட்டியைப் பக்கத்து சீட்டில் வைத்தேன்.
கிளம்பியதும் டிங் டிங்கென்று கத்தல்.
கதவைப் பார்த்தேன், டிக்கியைப் பார்த்தேன்,
கைப்பிரேக்கைப் பார்த்தேன்.
இருபத்தைந்து கிலோவை
ஆள் என்று நினைத்துவிட்டது.

இறங்கிச் சுற்றிவந்து
பெட்டிக்கு பெல்ட் போட்டுவிட்டேன்.