பக்கத்துத் தரை

கப்பல் கிளம்பும்போது
மேல்தளத்தில் எல்லோரும் கையாட்டினார்களாம்.
யாருக்கென்று தெரியவில்லை.
கரையில் சரக்குப் பெட்டிகளும்
நிழல் தேடி நின்ற ஒரு போலீஸ்காரரும்தான்.
நான் ஏழாம் தளத்தில்
துவாலையை மடித்து யானை செய்துகொண்டிருந்தேன்.
தும்பிக்கை நிற்கவில்லை.
ரொவேனா வந்து ஒரே முறுக்கில் நிறுத்தினாள்.
அவள் ஊரில் யானையே கிடையாது.

பயணிகளுக்குச் சன்னல்.
எனக்கு நீர்மட்டத்துக்குக் கீழே ஒரு கட்டில்,
தலைமாட்டில் இரும்புச் சுவர்.
சுவருக்கு அந்தப் பக்கம் வங்காள விரிகுடா,
இரவெல்லாம் யாரோ அரிசி களைகிற மாதிரி.

எண்ணூர்ப் புகைபோக்கிகள் மறைகிற இடத்தில்
போனில் கடைசிக் கோடும் போய்விடும்.
அதற்குள் அண்ணன் கேட்டிருந்தான்,
எங்கே இருக்கே?
'உன் வலைக்கு அப்பால்' என்று அடித்தேன்.
போனதா தெரியாது.
வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.

ஏதோ ஒரு கோட்டைத் தாண்டியதும்
சூதாட்ட அறையைத் திறந்தார்கள்.
அந்தக் கோட்டை நான் பார்த்ததில்லை.
கடலில் யாரும் சுண்ணாம்பு போட்டு வைக்கவில்லை.

இரண்டாம் நாள் மாலை
கேப்டனின் குரல் கூரையிலிருந்து வந்தது.
போகவேண்டிய வழியில்
ஒரு காற்றழுத்தத் தாழ்வு உட்கார்ந்திருக்கிறதாம்.
திருகோணமலை இல்லை.
தென்கிழக்கே ஒதுங்குகிறோம்.
இந்தக் கப்பல் இதுவரை போகாத தண்ணீர்.
'கவலை வேண்டாம், இரவு விருந்து வழக்கம்போல.'

நீச்சல்குளத்தை வலை போட்டு மூடினார்கள்.
மீன் ஒன்றும் இல்லாத வலைக்குள்
தண்ணீர் மட்டும் துள்ளிற்று.
படிக்கட்டுக் கைப்பிடியில்
வரிசையாக வாந்திப் பைகள் செருகினேன்.
ரொவேனா சிலுவை போட்டுக்கொண்டாள்.
நான் பைகளை எண்ணினேன்.

அண்ணன் என்றால்
கையை நீரில் விட்டே சொல்லிவிடுவான்,
வன்னியா தெண்டியா என்று.
இங்கே ஓடுகிற நீரோட்டத்துக்கு
அவனிடமும் பெயர் இருந்திருக்காது.

ஏழாயிரத்து நூற்றுப் பதினான்காம் அறை.
கோதண்டபாணி, வில்லிவாக்கம்,
மின்வாரியத்தில் இருந்து ஓய்வு.
கப்பலில் தமிழ் பேசுகிற ஆள் என்று
என்னை எப்படியோ கண்டுபிடித்துவிட்டார்.
டிவியில் வரைபடம் ஓடிக்கொண்டிருந்தது:
திரை முழுக்க நீலம்,
நடுவில் ஒரு வெள்ளைக் கப்பல்,
ஒரு ஊர்ப் பெயர் இல்லை.
"முப்பத்தோரு வருஷம் மீட்டர் ரீடிங்மா.
மெட்ராஸ்ல எந்தச் சந்து எங்க முடியும்னு சொல்லிடுவேன்.
இங்க முட்டுச்சந்தே இல்லையே."

அப்புறம் மெதுவாகக் கேட்டார்,
"பக்கத்துல தரை எவ்ளோ தூரம்?"
"மூணு கிலோமீட்டர் சார்."
முகம் மலர்ந்தது. திரைச்சீலையை விலக்கினார்.
"எந்தப் பக்கம்?"
நான் கம்பளத்தைக் காட்டினேன்.

சொல்லியிருக்கக் கூடாது.
புகார் எழுதினால் என் ஒப்பந்தம் போய்விடும்.
அவர் சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை.
குனிந்து செருப்பைக் கழற்றி
ஓரமாக வைத்தார்.

அன்றிரவு என் கட்டிலில்
நானும் காலைத் தரையில் வைக்காமல்
மடக்கிக்கொண்டே படுத்திருந்தேன்.
அரிசி களைகிறவள்
பாத்திரத்தைக் கவிழ்த்துவிட்ட மாதிரி சத்தம்.

ஐந்தாம் நாள் விடியலில்
அழுக்குத் துணி வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தவள்
திறந்திருந்த பக்கவாசலில் நின்றேன்.
தாழ்வாக ஒரு கோடு, அதன்மேல் விளக்குகள்.
கலங்கரை விளக்கம் மட்டும் அடையாளம் தெரிந்தது.
பிறந்து வளர்ந்த திருவொற்றியூர்
இதில் எந்தப் புள்ளி என்று கண்டுபிடிக்க முடியவில்லை.
பின்பக்கமாக வந்து பார்த்தால்
சொந்த ஊரும் யாரையோ போலத்தான் இருக்கிறது.

இடுப்பில் போன் அதிர்ந்தது.
வட்டம் நின்று செய்தி போயிருந்தது.
உடனே பதில்:
'என் வலை வீட்டுலதான் கிடக்கு.
நாலு நாளா யாரையும் கடலுக்கு விடல.'

கோதண்டபாணி இறங்கினார்.
கடைசிப் படியில் நின்று
ஒரு காலை மட்டும் காங்கிரீட்டில் வைத்து
மீட்டர் பார்க்கிறவர் போல
உற்றுப் பார்த்தார்.
பிறகு மற்றதையும் வைத்தார்.

மதியம் அடுத்த கூட்டம் ஏறுகிறது.
எனக்குப் பதினாறு அறை, பதினாறு யானை.
கப்பல் நின்றுவிட்டது.
என் முழங்கால் இன்னும் நிற்கவில்லை.