நகத்தில் பாதி

நவம்பர் கடைசியில் போன சூரியன்
இன்று நாலு நிமிடம் வருகிறதாம்.
ட்ரொம்ஸோ முழுக்கச் சன்னல் துடைக்கிறது.
எங்கள் வீட்டில் மட்டும்
நான் கம்பளியால் இடுக்குகளை அடைக்கிறேன்.

ஓட்வாரின் தொண்டைக்குள்
மருந்து பூசிய துகள்களை ஏற்றியிருக்கிறார்கள்.
ஒரு காட் மீன் செதிலில்
ஊரே குடியிருக்கலாம், அத்தனை பொடி.
"இருட்டில் அவை வெறும் தூசி," என்றாள் செவிலி மாரெத்,
"வெளிச்சம் பட்டால்தான் பல் முளைக்கும்."

பதினோரு நிமிடம் லேசர்.
கண்ணாடிக்கு இப்பால் நின்றேன்.
சிவப்புகூட இல்லை,
கண்ணுக்கே சிக்காத ஒளி.
அடுப்பருகே வாய் திறந்து தூங்கியது போலிருந்தது
என்று எழுதிக் காட்டினார்.

கட்டி கருகிவிட்டது.
முழுக்கவா என்பது ஏப்ரலில் தெரியும்.
மருந்து மட்டும்
தோலுக்கடியில் இன்னும் விழித்திருக்கிறது,
யாருடைய ஒளி என்று
பிரித்தறியத் தெரியாமல்.

மேட்டில் பிள்ளைகள் கத்தினார்கள்.
சூரியனுக்கென்று சுட்ட பன்னைக்
கோட்டுக்குள் பொத்திக்கொண்டு ஓடிவந்தேன்.
ஜாமை மட்டும் நக்கியபடி
கரகரத்தார்:
"எவ்வளவு இருந்தது?"

கட்டைவிரலை நீட்டி
நகத்தில் பாதி காட்டினேன்.
இருட்டு என்பது
அப்புறம்தான் உறைத்தது.

அவர் கை தடவித் தடவி வந்து
விரலைப் பிடித்து
நகத்தை அளந்துகொண்டது.