கிழிந்த காதுக்காரி

கொல்லைச் சுவரில் பெட்டியைப் பொருத்தியபோது
நோக்குதுலா சொன்னது இவ்வளவுதான்:
உள்ளே நிலக்கடலை, ஆன்ட்டி. தாழ்ப்பாளைத் தொட வேண்டாம்.
பல்கலைக்கழகத்துப் பெண். முழங்கால்வரை சேறு.
சாட்ஸ்வொர்த்தில் குரங்குக்குத் தீனி வைக்கிறவளை யார் விடுவார்கள்,
எதிர்வீட்டுத் தவநீதன் தண்ணீர்க் குழாயோடு வந்து திட்டிவிட்டுப் போனார்.

கிழிந்த காதுக்காரி நான்கு நாளில் கற்றுக்கொண்டாள்.
இடது கை, பெருவிரல், ஒரு தள்ளு.
தள்ளினால் கடலை.
பத்தாம் நாள் அந்தக் கையைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள்,
ஆலையில் இருபத்தாறு வருஷம்
சட்டைக் காலர் மட்டுமே தைத்த என் கை அது.
அதே இடம், அதே கோணம்,
கண் வேறெங்கோ.

பிறகு கடலை குறைந்தது.
நாலுக்கு ஒன்று. பத்துக்கு ஒன்று.
அப்புறம் எப்போதாவது.

போய்விடுவாள் என்றுதான் நினைத்தேன்.
வலது கையால் தள்ளினாள்.
பல்லால் கடித்து இழுத்தாள்.
மாங்கிளையிலிருந்து தலைகீழாகத் தொங்கி
மெதுவாக ஒருமுறை, வெடுக்கென்று ஒருமுறை.
ஒரு நாள் தாழ்ப்பாளின்மேல் சும்மா உள்ளங்கையை வைத்துக்கொண்டு
மழை பிடிக்கும்வரை உட்கார்ந்திருந்தாள்.
அதற்கும் நோட்டில் ஒரு கோடு விழுந்தது.

கிடைக்கிறவரை அவளுக்கு ஒரே கைதான், ஆன்ட்டி,
கிடைக்காவிட்டால் எத்தனை கை பாருங்கள்
என்றாள் நோக்குதுலா, கடலைத்தோலை ஊதியபடி.

ஞாயிறு மத்தியானம் பெர்த்துக்குப் போன் போடுவேன்.
குமேஷன் எடுத்த காலத்தில்
என்னிடம் மூன்று வாக்கியம் இருந்தது.
சாப்பிட்டியா. அங்கே குளிரா. எப்போ வர்றே.
ம் என்பான்.
அந்த ம் ஒரு வாரத்துக்குக் காணும்.

பிப்ரவரியிலிருந்து எடுப்பதில்லை.
பீப் சத்தத்துக்குப் பிறகு பேசச் சொல்கிறாள் ஒருத்தி.
முதலில் அதே மூன்றைச் சொன்னேன்.
அடுத்த வாரமும்.
பிறகு, பீன்ஸ் கறி தீய்ந்து அலாரம் அலறிய கதை.
அவன் அப்பா சம்பளத்தைக் குதிரையில் விட்டதை
பள்ளிக் கட்டணத்துக்குள் நான் ஒளித்த கணக்கு.
ஒரு கெட்ட வார்த்தை, முழுசாக.
ஒரு வாரம் பேசவேயில்லை,
கூரையில் ஹடீடாக்கள் கத்தட்டும் என்று
போனை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றேன்.
மன்னிச்சிடு என்று
எதற்கென்று தெரியாமல் ஒருமுறை,
தெரிந்து ஒருமுறை.

நேற்று பெட்டியைக் கழற்றும் நாள்.
கடைசியாக ஒரு மணி நேரம்
ஒவ்வொரு தள்ளுக்கும் கடலை வைத்தாள் நோக்குதுலா.
அரைமணிகூட ஆகவில்லை.
இடது கை, பெருவிரல்.
மாங்கிளை பக்கம் திரும்பியும் பார்க்கவில்லை காதுக்காரி.

இன்றைக்கு அவனிடம் சொல்ல
இந்தக் குரங்குக் கதையைத்தான் எடுத்து வைத்திருந்தேன்.
எங்கே தொடங்குவது, எங்கே நிறுத்தினால் சிரிப்பான்,
எல்லாம் யோசித்து.

நாலாவது மணியில் எடுத்துவிட்டான்.
அம்மா?

சாப்பிட்டியா, என்றேன்.