வியாழன், ஆறு மணி

நவம்பரிலேயே அட்டவணை போட்டுவிட்டேன்.
பதினோரு வியாழன், பதினோரு கட்டம்.
கூடத்தின் கதவில் ஒட்டினேன்.
ஈரக் கையுறைகள் உரசி உரசி
இரண்டாம் கட்டம் அழிந்தே போனது.
அதில் என்ன எழுதியிருந்தேன் என்று
எனக்கே இப்போது நினைவில்லை.

மூன்று மணிக்கு இருட்டிவிடும் ஊர் இது.
பின்லாந்தின் வடக்கே,
ஏரி எங்கே முடிகிறது, சாலை எங்கே தொடங்குகிறது என்று
தபால்காரரே தடுமாறும் மாதங்கள்.
பதின்மூன்று வயது முதல் பதினாறு வரை
ஒன்பது பேர் வருவார்கள்;
ரொட்டி சுட்டால் பதினான்கு.

முதல் வாரம் பனிக்குள் குகை.
ஆர்னி தோண்டினான், பிஹ்லா தோண்டினாள்,
உள்ளே ஊர்ந்து போய்க் கைப்பேசியை எடுத்தார்கள்.
குகைக்குள்ளும் சிக்னல் வந்தது.
அத்தோடு குகையின் மகிமை தீர்ந்தது.

ஏரியில் துளையிட்டுத் தூண்டில் போட்ட வாரம்
இரண்டு மணி நேரம், ஒரே மீன்,
சுண்டுவிரல் நீளம்.
அதற்குள் பெயர் வைத்துவிட்டார்கள்.
பெயர் வைத்ததை எப்படிப் பொரிப்பது?
மீன் தண்ணீருக்குத் திரும்பியது,
நாங்கள் பசியோடு வீட்டுக்கு.

நட்சத்திரம் பார்க்கும் வாரம் மேகம்.
சறுக்கு வாரம் மைனஸ் முப்பத்திரண்டு,
வெளியே போக அனுமதி இல்லை.
உள்ளே உட்கார்ந்து
யாரோ கொடுத்துப்போன கம்பளி நூலைச் சிக்கெடுத்தோம்.
அன்றுதான் வெய்னி முதல்முறை வாய் திறந்தாள்:
"இந்த முனை என்னிடம் இருக்கிறது."
அவ்வளவுதான். மீண்டும் மௌனம்.

பிறகு பனிக்கட்டி விளக்கு.
வாளியில் நீர் ஊற்றி வெளியே வைத்தால்
ஓரம் உறையும், நடு மட்டும் அடம்பிடிக்கும்.
கவிழ்த்து அந்த நீரைக் கொட்டினால்
கண்ணாடிக் குடம்.
உள்ளே ஒரு மெழுகுவத்தி.
செலவில்லை, சொதப்பவும் வழியில்லை என்று நினைத்தேன்.

படியோரம் பதினான்கு நின்றன.
வெய்னி தன்னுடையதில்
சிவப்புப் பழக்கொத்து ஒன்றை உறைய வைத்திருந்தாள்.
அடுத்த வியாழன் ஏற்றுவதாக முடிவு.
ஞாயிறன்று காற்று திசை மாறியது.
ஜனவரியில் மழை! பிளஸ் நான்கு!
இரவு பத்து மணிக்குத் தூரேயின் செய்தி:
"அதுங்களுக்கு வியர்க்குது."

மளிகைக்கடை சிர்க்கா
இடுப்பில் கை வைத்து யோசித்தார்,
உறைபெட்டியில் பட்டாணிப் பொட்டலங்களை ஓரம் தள்ளினார்.
கோழிக்கும் ஐஸ்கிரீமுக்கும் நடுவே
எங்கள் குடங்கள்
குழல்விளக்கில் நீலம் பூத்து உட்கார்ந்தன.
அந்த வாரம் முழுக்க
ஒன்றும் வாங்காமலே கடையைச் சுற்றினார்கள் பிள்ளைகள்.

குளிர் திரும்பியது. எடுக்கப் போனோம்.
பதின்மூன்று.
மறுபடி எண்ணினோம். பதின்மூன்று.
கல்லாவில் புதிதாகச் சேர்ந்த பையன்
காதுமடல் சிவக்கச் சொன்னான்:
யாரோ தூக்கிக்கொண்டு வந்து முன்னால் வைத்தார்,
விலைக்கோடு இல்லை,
வாய்க்கு வந்தபடி இரண்டு யூரோ என்றேன்,
கொடுத்துவிட்டுப் போனார்.

பழக்கொத்து உள்ளதுதான் காணோம்.
எல்லோரும் வெய்னியைப் பார்த்தோம்.
அவள் அந்தப் பையனைப் பார்த்தாள்.
"பை கேட்டாரா?"
"இல்லை. வெறுங்கையில் அணைத்துக்கொண்டு போனார்."
இதைக் கேட்டு அவள்
தொப்பியைக் கண்வரை இழுத்துவிட்டுக்கொண்டாள்.
சிரிப்பை மறைக்கவா, வேறெதையோவா,
நான் கேட்கவில்லை.

பதின்மூன்றையும் ஏற்றினோம். நன்றாகத்தான் இருந்தன.
ஆனால் யாரும் அவற்றைப் பார்க்கவில்லை,
தெருவையே பார்த்தார்கள்.

அன்றிலிருந்து என் அட்டவணைக்கு வேலையில்லை.
வாரம் இரண்டு தெரு நடக்கிறோம்,
வாசல் வாசலாக,
யார் வீட்டுப் படியில்
சிவப்பு விழுந்த வெளிச்சம் என்று.
தூரே வரைபடம் வைத்திருக்கிறான்.
ஆர்னி ஓடுகிறான். பிஹ்லா வேலிக்கு மேல் எட்டுகிறாள்.
வெய்னி மட்டும் மெதுவாக,
எல்லோருக்கும் பின்னால்,
கண்டுபிடித்துவிடக் கூடாதென்பது போல.

இன்னும் மூன்று தெரு பாக்கி.
அந்த இரண்டு யூரோ
கடைசிக் கட்டத்தில் நாடாவால் ஒட்டியிருக்கிறது.
கூடுதலாக ஒரு ஜோடி காலுறை கொண்டுவரவும்.
ரொட்டி உண்டு.