நான்காம் தொட்டி

பிப்ரவரி. போத்னியா வளைகுடா
இறுகிக் கிடக்கிறது, லாரி ஓட்டலாம்.
கூழாலையின் கழிவு, கறுப்புக் குழம்பாக,
குழாய் வழியே எங்கள் கொட்டகைக்கு வருகிறது.
காகிதமாக மாட்டேன் என்ற மரத்தின் பிடிவாதம் அது,
பிர்ச் மரத்தை நிமிர்த்தி நிறுத்திய லிக்னின்.
முகர்ந்தால், கந்தக வீச்சத்துக்கு அடியில்
கொஞ்சம் வெனிலா.

நூறாயிரம் லிட்டர் எஃகுத் தொட்டி.
உள்ளே என் கூலியாட்கள்.
மண்ணில் கிடைத்ததைத் தின்று பிழைத்த நுண்ணுயிர்கள்.
எஸ்போவில் யாரோ அவற்றின் மரபணுவில்
ஒரு வரியை அடித்தார்கள், இரண்டு வரி சேர்த்தார்கள்.
இப்போது மரத்தின் வளையங்களைக்
கடித்துத் திறக்கும், திறந்ததை விழுங்காது.
விழுங்கும் வழியைத்தான் அடைத்துவிட்டார்களே.
கூலி, சொட்டுச் சொட்டாய்ச் சர்க்கரை.
துப்புவது மியூகோனிக் அமிலம்.
அது நைலானாகும், மீன்வலையாகும்,
யாரோ ஒருத்தியின் காலுறையில்
முழங்காலருகே கிழியும்.

மூன்றாம் இரவு, இரண்டே கால் மணி.
"ஹில்க்கா, இந்தக் கோட்டைப் பார்" என்றான் ஓய்வா.
பிராணவாயு இறங்குகிறது: மூச்சு வாங்குகிறார்கள்.
கலங்கல் ஏறுகிறது: பெருகுகிறார்கள்.
அமிலம் மட்டும்
நேற்று நின்ற இடத்திலேயே.

எங்கோ ஒன்று,
இரண்டாய்ப் பிளக்கும் அவசரத்தில்
அந்த இரண்டு வரியைத் தவறவிட்டிருக்கிறது.
சுமை இறங்கியது ஓடும்தானே.
அதன் பிள்ளைகள் இன்னும் வேகமாய் ஓடின.
அறுபதாம் தலைமுறையோ என்னவோ,
தொட்டி முழுக்க இப்போது அதன் வம்சம்.
சர்க்கரையைத் தின்கிறது.
வளையத்தைத் தொடுவதில்லை.

எஸ்போவுக்குப் பேசினேன்.
"திருடர்கள்" என்றாள் சைமி, தூக்கக் குரலில்.
"துறையில் அப்படித்தான் சொல்வோம். நீராவியை விடுங்கள்."

இருபத்துமூன்று வயதில்
கூழாலை வாசலில் ஏழு வாரம் நின்றவள் நான்,
தகர டிரம்மில் நெருப்பு மூட்டி,
விரல் மரத்துப்போக.
எங்களுக்கும் ஒரு பெயர் வைத்திருந்தார்கள்.
ஒப்பிடக் கூடாதுதான்.
இவற்றுக்கு வாசல் இல்லை, கோரிக்கை இல்லை,
சங்கச் சந்தா பாக்கி இல்லை.
மறந்தன, அவ்வளவே.
ஆனாலும் வால்வைத் திருகுமுன்
ஒரு காபி குடித்தேன். மெதுவாக.
ஓய்வா கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

நூற்றிருபத்தொரு டிகிரி. அரை மணி.
உள்ளே என்ன சத்தம் கேட்கும் என்கிறீர்கள்?
ஒன்றுமில்லை. குழாய் விரிந்து முனகுவதுதான்.
மைனஸ் எண்பதில், சுண்டுவிரல் குப்பியில்,
உத்தரவை மறக்காத முன்னோர்கள் உறைந்திருக்கிறார்கள்.
நாளை அவர்களை எழுப்புவோம்.

பதிவேட்டில் 'இழப்பு' என்ற கட்டத்தில்
லிட்டர் கணக்கை எழுதினேன்.
'காரணம்' என்ற கட்டத்தில்
'நன்றாக வளர்ந்தன' என்று எழுதினேன்.

காலையில் சைமி அதை அடித்துவிட்டு
'பிறழ்வு' என்று எழுதுவாள்.
ஒரு வரியை அடிப்பது
அவளுக்குக் கை வந்த வேலை.