மயில்கழுத்து

கோட் வாடகைக்கு எடுக்கத்
திருமலை வீதியில் எங்கள் கடைக்கு வருகிற கழுத்துகளில்
பாதிக்கு மேல் டை கட்டத் தெரியாது.
எதிரே நின்று கட்டிவிட எனக்கும் தெரியாது,
இடம் வலமாகிவிடும்.
அதனால் என் கழுத்தில் போட்டு,
சுடிதாருக்கு மேலே முடிச்சிட்டு,
இளக்கிக் கழற்றி
அவர்கள் தலைவழியே இறக்கிவிடுவேன்.
வைகாசியில் ஒரு நாளைக்குப் பதினாறு முடிச்சு.
இரவில் பிடரி எரியும்.

றொய்ஸ்ரன் வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை.
மாப்பிள்ளை அவனில்லை, அவன் அண்ணன்.
அண்ணன் டோஹாவில். வெள்ளி இரவு கட்டுநாயக்கா,
விடிய வானில் தன்னாமுனை,
ஒன்பதரைக்குக் கோயில்.
"எனக்கு அளவு பாருங்க அக்கா,
அவரு என்னை விட ஒள்ளுப்பம் தடிப்பு."
ஒள்ளுப்பம் என்றால் எவ்வளவு?
எந்த அளவு நாடாவிலும் அது இல்லை.

பொம்பிளையின் சாரித்துண்டு
சொப்பிங் பைக்குள், பிளவுஸ் வெட்டிய மிச்சம்.
மயில்கழுத்து.
ரியூப்லைட்டுக்குக் கீழே நீலம்,
கிறுக்கிப் பிடித்தால் பச்சை.
வாசலுக்குக் கொண்டு போனேன்.
ஏறாவூர் பஸ் ஒன்று தூசியோடு கடந்தது.
இரண்டுமில்லை. இரண்டும்.

"இதே கலர்ல டை இரிக்கா?"
இருக்கிறது. மாப்பிள்ளைக்குத் தரமாட்டேன்.
சாரியில் மிஞ்சியதைக் கழுத்தில் சுற்றியதுபோல் ஆகிவிடும்.
சாம்பல் கோட்டுக்குக் கடும் நீலம்,
நீலத்தில் ஊசிமுனையளவு பச்சைப் புள்ளி.
அவள் பக்கத்தில் வந்து நின்ற பிறகுதான்
அந்தப் புள்ளி யார் கண்ணிலும் படவேண்டும்.
லேஞ்சி வெள்ளை.
டைத் துணியிலேயே லேஞ்சியும் வெட்டிப்
பெட்டியோடு விற்பது விற்பவனின் சோம்பல்.
கிளிப் மூன்றாம் பொத்தானுக்கும் நாலாவதுக்கும் நடுவே,
மேலே ஏறினால் மருந்துக் கொம்பனி ரெப்,
கீழே இறங்கினால் கோட் விழுங்கிவிடும்.
கறுப்புச் சப்பாத்துக்குக் கறுப்பு பெல்ட்.
இதில் பேரம் இல்லை.

ஐஸ் லொறி ஓடுகிறவன்,
விரலெல்லாம் மீன்பெட்டி கீறிய வடு,
கோட்டுக்குள் போனதும்
மூச்சை உள்ளே இழுத்தபடி நின்றான்.
"கிறுகி நில்லுங்க" என்றேன். கிறுகினான்.
படம் எடுத்து டோஹாவுக்கு அனுப்பினான்.
பதில் குரலாக வந்தது,
பின்னால் ஜெனறேற்றர் இரைச்சல்:
"நல்லா இரிக்கிடா. நீயே போய் நில்லன்."
இரண்டு தரம் போட்டுக் கேட்டான்.
சிரித்தான். மறுகா
கோட்டைக் கழற்ற வெகுநேரம் எடுத்தான்.

"உங்களுக்கு?"
"எனக்கு வேணாங்கா.
நான் சாப்பாட்டுப் பந்தலோடதான் நிப்பன்."
அண்ணனுக்கு மறுத்த அந்த மயில்கழுத்து டையை
என் கழுத்தில் போட்டு முடிச்சிட்டேன்.
கோட் இல்லை, கிளிப் இல்லை,
வெறும் வெள்ளைச் சேட்டுக்கு மேலே இறக்கியபோது
அந்த நிறத்துக்கு ஒரு குறையும் இல்லை.
பில்லில் அதை எழுதவில்லை.

திங்கள் பின்னேரம் பை திரும்பி வந்தது,
யாரோ ஒரு பொடியன் கையில்.
மாப்பிள்ளையின் டை அவிழ்ந்து, கேக் ஐசிங் ஒட்டி.
லேஞ்சியைக் காணோம்,
முற்பணத்தில் முன்னூறு ரூபா வெட்டினேன்.
மயில்கழுத்து மட்டும்
நான் இட்ட முடிச்சோடு அப்படியே.

கடையில் அப்போது ஆளில்லை.
என் தலைவழியே போட்டுப் பார்த்தேன்.
தொளதொளவென்று கிடந்தது.
அவன் கழுத்து என்னுடையதை விட
ஒள்ளுப்பம் தடிப்பு.